ஞாயிற்றுக்கிழமைக் கண்கள்

"ஏதாவது சொல்லணுமா, சார்?"

"ஒண்ணுமில்ல மேடம். மழை வலுக்குது, இந்தக் குடையை எடுத்துக்கிட்டுப் போங்க."

"அப்போ நீங்க?"

"எனக்கென்ன, இந்தா நாலு எட்டுல வீடு."

நாலு எட்டில் இல்லை, நாலு கிலோமீட்டரில் இருந்தது வீடு. சங்கரலிங்கம் அன்று முழுக்க நனைந்து வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். துறைமுகச் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பேச்சு நடந்து நாலு வருடம் ஆகிறது. சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டுக் குடையை நீட்டினோமே என்று தினம் ஒரு தடவையாவது தன்னையே கடிந்துகொள்வார்.

அரசு தடய அறிவியல் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எரிந்த படகின் கரித்துண்டை வைத்துத் தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்லிவிடுவார். மனைவி அருணாசலவடிவு போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது, பிள்ளைகள் கிடையாது. மாடியில் அவரும் ஒரு ரேடியோவும் குடியிருந்தார்கள். கீழே ஜீவமணி ஜெராக்ஸ் கடையும் லேப்டாப் சர்வீஸும் நடத்தினான். நாற்பது வயதாகியும் அவனுக்கு மர்மம் என்றால் பிள்ளைக்கு மிட்டாய் மாதிரி. யாராவது அண்ணாச்சியைத் தேடி மாடிப்படி ஏறினால் கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் முன்னாலேயே ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, கண் ஆராய்ச்சி டாக்டரம்மா வாராவ! மண்டையப் பொளக்குத வெயிலு, குடையக் கக்கத்துல வச்சிருக்காவ, விரிக்கல. ஏன்னு சொல்லுங்க பாப்போம்?"

சங்கரலிங்கம் சன்னல் வழியே பார்த்தார். கறுப்புக் குடை, கைப்பிடியில் நீல நூல் சுற்றியிருந்தது. அந்த நூலைச் சுற்றியவரே அவர்தான்.

"அது அவங்க குடை இல்ல, ஜீவமணி. திருப்பிக் கொடுக்க வாராங்க."

சொல்லிவிட்டு நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்து ஒதுக்கினார்.

கோமளவல்லி உட்காரும் முன்பே குடையைச் சுவர் மூலையில் சாத்தினார். "நாலு வருஷமா உங்க பொருள் என்கிட்டயே கிடக்கு. மன்னிச்சுக்கோங்க."

"ஊரை விட்டு எப்போ கிளம்புறீங்க?"

அவர் திடுக்கிட்டார். "யார் சொன்னா?"

"குடைதான். இத்தனை நாள் வச்சிருந்ததை இன்னிக்குத் தேடி எடுத்துக் கொடுக்கிறவங்க வீட்டை ஒழிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"புதன்கிழமை மைசூர் ரயில். தம்பி வீட்டுக்கு. வேலையும் இந்த மாசத்தோட முடியுது. அம்மாவும் போனப்புறம் இந்த ஊர்ல எனக்கு யார் இருக்கா, சொல்லுங்க?"

சங்கரலிங்கத்திடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார்.

"திங்கட்கிழமை ரெவ்யூ கமிட்டி வருது," என்றார் கோமளவல்லி. "நான் ஒரு சிக்கல்ல இருக்கேன். அதை நீங்க அவிழ்த்தா தலை நிமிர்ந்து போவேன். இல்லேன்னா தலை குனிஞ்சு போவேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

இரண்டிலும் 'போவேன்' இருந்தது. சங்கரலிங்கத்தின் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

சிக்கல் இதுதான். கண்ணாடி போடாமல் பார்வையைச் சரிசெய்ய, கண்ணின் முன்பக்கப் படலமான கார்னியாவை லேசரால் செதுக்குகிறார்கள். அந்த லேசரின் சூடு பக்கத்துத் திசுவை எவ்வளவு தூரம் வேக வைக்கிறது என்பதே கோமளவல்லியின் ஆராய்ச்சி. ஆட்டுக் கண்களில் சோதிக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டின் வலக்கண்ணிலும் லேசர் படும், இடக்கண்ணைத் தொடுவதில்லை. பிறகு இரண்டையும் ராமன் கருவியில் வைக்கிறார்கள். அது மெல்லிய பச்சை ஒளியைத் திசுவில் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பிரித்து, மேடும் பள்ளமுமாகக் கோடு வரைந்து தரும். சூடுபட்ட புரதத்தின் மேடு கொஞ்சம் இடம் நகர்ந்து நிற்கும். நாலு வருடத்துக்கு முன் அந்தக் கருவியை நிறுவிச் சரிபார்த்துக் கொடுத்தவர் சங்கரலிங்கம். மூன்று மாதம் அங்கே தினமும் போய்வந்த நாட்கள் அவை.

"புதன், ஞாயிறு, வாரம் ரெண்டு தடவை கண்ணு வரும்," என்றார் கோமளவல்லி. "புதன்கிழமைக் கண்ணெல்லாம் ஒழுங்கா இருக்கு. ஆறு வாரமா ஞாயித்துக்கிழமைக் கண்ணுல மட்டும், லேசர் தொடாத இடக்கண்ணும் வெந்த மாதிரி காட்டுது. கமிட்டி என்ன கேட்டு எழுதியிருக்கு தெரியுமா? கண்களை மாத்தி வச்சு முடிவை ஜோடிச்சீங்களான்னு. என் ஆராய்ச்சி மாணவன் ஹயக்ரீவன்கிட்டதான் ஞாயிறு லேசர் அறைச் சாவி இருக்கு. எல்லாரும் அந்தப் பையனைப் பாக்கிறாங்க. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. அதுதான் தாங்கலை."

"சுடாத துப்பாக்கி, செத்துப்போன ஆளு!" என்றான் ஜீவமணி, கண்கள் விரிய.

"ஏலே, ஆடு ஏற்கனவே செத்துட்டு. செருப்பைப் போடு, போவோம்."

துறைமுகச் சாலையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் லேசரைப் பார்த்துக்கொண்டவள் எமில்டா. மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துப் பெண், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"லேசர் எத்தனை தடவை சுட்டுச்சுன்னு மெஷினே எண்ணி வைக்கும் சார். என்கிட்ட இருக்க நோட்டும் அதுவும் ஒண்ணு கூடக் குறையாம சரியா இருக்கு. யாரும் திருட்டுத்தனமா சுடல. அந்த எண்ணை யாராலயும் அழிக்க முடியாது."

"அப்போ கண்ணு தானா வெந்துச்சா?" என்றான் ஜீவமணி.

"அதக் கண்டுபிடிக்கத்தான உங்களக் கூட்டியாந்திருக்காவ? என்னக் கேட்டா?"

ஹயக்ரீவன் மெலிந்த இளைஞன், நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு. நான்கு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கணினியில் ஞாயிற்றுக்கிழமைக் கோடுகளைத் திறந்து காட்டினான். சங்கரலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இங்க தாழ்வா ரெண்டு அகல மேடு பக்கத்துப் பக்கத்துல தெரியுதே, இது என்ன தம்பி?"

"பேக்ரவுண்ட் சார். ஏதோ அழுக்கு. சாஃப்ட்வேர் அதைக் கழிச்சிடும்."

"கழிக்காம எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுங்க. படலத்துல எந்த இடத்துல அளக்கிறீங்க?"

"நடுவுல. லேசர் நடுவுலதானே படும்?"

"போன ஞாயித்துக்கிழமை இடக்கண்ணு ஃப்ரீசர்ல இருக்கும்ல? ஓரத்துலயும் ஒரு தடவை அளந்து பாருங்க."

அளந்தான். ஓரமும் நடுவைப் போலவே வெந்திருந்தது. ஹயக்ரீவன் கருவியை இரண்டு முறை சரிபார்த்து மறுபடி அளந்தான். அதே கோடு வந்தது.

"ஞாயித்துக்கிழமைக் கண்ணு பாக்க எப்படி இருக்கும்?"

"லேசா மங்கலா இருக்கும் சார். சித்திரை வெயில்னு நினைச்சேன். ஆனா வெயில்னும் சொல்ல முடியலை. நான் ஒம்பது மணிக்கு வந்து பெட்டியைத் திறந்தா, புதன்கிழமை ஐஸ் பாதி தண்ணியா இருக்கும். ஞாயித்துக்கிழமை கட்டி கட்டியா அப்படியே இருக்கும். பரவாயில்லையேன்னு சந்தோஷப்பட்டிருக்கேன்."

குப்பைத் தொட்டியில் போன ஞாயிற்றுக்கிழமைக் கண்களைத் துடைத்துப் போட்ட தாள்கள் கிடந்தன. சங்கரலிங்கம் இடுக்கியால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் மஞ்சளாக ஒரு கறை.

"இது உங்க மருந்தா?"

"எங்க மருந்து எதுவும் மஞ்சள் இல்ல சார்."

கண்களைக் கொண்டுவருபவர் சொரிமுத்து, கூடத்தின் உதவியாளர். ஐம்பத்தைந்து வயது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் கறிக்கடையில் விடியற்காலை கண்களை வாங்கி, ஐஸ் வைத்து, நேரம் எழுதி, சைக்கிளில் கொண்டுவந்து வைப்பார். பெட்டிமேல் ஒட்டிய சீட்டுகளில் புதன் என்றாலும் ஞாயிறு என்றாலும் ஒரே நேரம்தான் எழுதியிருந்தது: 5.10.

"ஒரு நாள் கூட 5.12 ஆகாதா அண்ணாச்சி?" என்று ஜீவமணி சீண்டினான்.

சொரிமுத்து சிரிக்கவில்லை. "பழக்கம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்கப் போனார்.

வெளியே வந்ததும் சங்கரலிங்கம் கேட்டார்: "நாளைக்கு விடியுமுன்ன எந்திரிப்பியால?"

"உங்களுக்காக எந்திரிக்காம?"

"அந்தக் கறிக்கடைக்குப் போ. அஞ்சேகாலுக்கு ஒரு ஆட்டோட கண்ணு ரெண்டையும் கேட்டு வாங்கி ஒரு பையில போடு. அங்கனயே நில்லு. ஏழு மணிக்கு இன்னொரு ஆட்டோட கண்ணை வாங்கி வேற பையில போடு. நடுவுல என்ன நடக்குன்னு பார்த்துக்கோ."

"ரெண்டு மணி நேரம் கறிக்கடையில சும்மா நிக்கவா? எம் பொண்டாட்டி கேட்டா கறி எங்கங்கா."

"அப்போ கறியும் வாங்கிக்கோ."

அன்று ராத்திரி சங்கரலிங்கம் தோசை ஒன்றைச் சுட்டுச் சாப்பிட்டார். மூலையில் குடை நின்றது. யாரோ வந்துவிட்டு, உட்காராமல், போகவா என்று கேட்டுக்கொண்டு நிற்பதைப் போல இருந்தது அதைப் பார்க்க.

ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் அவர் ஆய்வுக்கூட வாசல் பெஞ்சில் இருந்தார். கையில் குடை. ஏன் எடுத்து வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஏழே கால் தாண்டி சொரிமுத்துவின் சைக்கிள் வந்தது. அவரைக் கண்டதும் சொரிமுத்துவின் கால் பெடலில் தடுமாறியது.

"ரயில்வே கேட்ட அடைச்சிட்டான், சார்."

"அதனாலென்ன? வாங்க."

சொரிமுத்து வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியோடு உள்ளே போனார். பெட்டியில் 5.10 என்று சீட்டு. சங்கரலிங்கம் செருப்பைப் பார்த்தார். ரப்பர் வாரின் இடுக்கில் இரண்டு மீன் செதில்கள், காயாமல், வெள்ளிக்காசு போல மின்னின. பழைய பேருந்து நிலையத்திலிருந்து துறைமுகச் சாலைக்கு வருகிற வழியில் மீன் இறங்குகிற இடம் எதுவும் இல்லை.

ஜீவமணி எட்டரை மணிக்கு இரண்டு பைகளோடு வந்தான். முகமெல்லாம் பல். எதையோ சொல்ல வாயைத் திறந்தவனை சங்கரலிங்கம் கையமர்த்தினார். ஹயக்ரீவனிடம் இரண்டு பைகளையும் கொடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், அளக்கச் சொன்னார்.

பத்தரை மணிக்கு எல்லோரும் கருவி அறையில் கூடியிருந்தார்கள். கோமளவல்லி சன்னலோரம் நின்றார். எமில்டா கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சொரிமுத்து கதவருகே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றார்.

"முதல் பை சுத்தமா இருக்கு," என்றான் ஹயக்ரீவன். "ரெண்டாவது பை... நம்ம ஞாயித்துக்கிழமைக் கண்ணு மாதிரியே இருக்கு சார். ரெண்டு கண்ணுமே. லேசர் பக்கத்துலயே போகாம."

"அப்போ குற்றவாளி லேசர் இல்ல," என்றார் சங்கரலிங்கம். அவர் குரலை உயர்த்தவில்லை. "அது நேத்தே தெரிஞ்சது. லேசர் சுட்டா நடுவுல ஒரு புள்ளிதான் வேகும். இங்க ஓரம் வரைக்கும் வெந்திருக்கு. ஊசியால குத்துன காயமில்ல இது, கொதிதண்ணி கொட்டுன மாதிரி. அடுத்தது அந்த ரெண்டு அகல மேடு. நீங்க அழுக்குன்னு கழிச்சீங்க. முப்பத்தொரு வருஷம் நான் அந்த மேட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எரிஞ்ச படகு, எரிஞ்ச கடை, எல்லாத்துலயும் அது இருக்கும். அது கரி."

"கண்ணுல கரியா?" என்றார் கோமளவல்லி.

"கரியும், அதுக்கு மேல துடைச்ச தாள்ல மஞ்சளும். மேடம், நீங்க எத்தனை ஆட்டுக் கண்ணை அறுத்துப் பார்த்திருப்பீங்க?"

"முந்நூறு இருக்கும்."

"ஆட்டுத்தலைக் குழம்பு வைக்கிற வீட்டை?"

கோமளவல்லி விழித்தார். ஹயக்ரீவன் முகத்தைச் சுளித்தான்.

"நீங்க ரெண்டு பேரும் கறிக்கடை வாசல்ல நின்னதே இல்ல. எமில்டா?"

"எங்க வீட்ல மீனு சார். கறின்னா எங்கம்மா எலும்போட கால் கிலோ வாங்கும். தல எல்லாம் வாங்குனது கிடையாது."

"ஜீவமணி, இப்போ சொல்லு."

அணை உடைந்தது. "அஞ்சேகாலுக்கு முடியோட பச்சத் தல, அண்ணாச்சி! ஞாயித்துக்கிழம கூட்டம் வாரதால, அஞ்சரைக்கு அம்புட்டுத் தலையையும் வரிசையா வச்சு கேஸ் பர்னர்ல வாட்டுதான். முடி கருகுத நாத்தம் எம் மூக்குல இன்னும் நிக்கி. அப்புறம் மஞ்சத் தேச்சுக் கழுவி அடுக்குதான். ஏழு மணிக்குக் கண்ணு கேட்டா அந்தத் தலையிலேருந்துதான் எடுத்துக் குடுக்கான்!"

கோமளவல்லி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஹயக்ரீவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"என் வீட்டுக்காரி தலைக்குழம்பு வைப்பா," என்றார் சங்கரலிங்கம். "வாட்டாத தலை வாங்கிட்டுப் போனா ஏசுவா. அவ போனப்புறம் நான் வாங்குறதில்ல. ஒத்த ஆளுக்கு ஒரு தலை அதிகம்."

பிறகு சொரிமுத்து கையிலிருந்த பெட்டியைக் காட்டினார்.

"சீட்டுல 5.10. ஆனா ஒம்பது மணிக்கும் ஐஸ் கரையாம இருக்கு. ஏன்னா அதை வச்சதே ஏழு மணிக்கு," என்று அவர் தொடர்ந்தார். "ஆறு வாரமா ஞாயித்துக்கிழமை மட்டும் சொரிமுத்து அண்ணாச்சி கடைக்கு லேட்டாப் போறாரு. இன்னிக்கும் ஏழு மணிக்கு வந்ததை ஜீவமணி மறைஞ்சு நின்னு பார்த்தான். அதுக்கு முன்ன அவர் போற இடத்துல தரையில மீன் செதில் கிடக்கும். எமில்டா, ஞாயித்துக்கிழமை விடிய அஞ்சரைக்கு திரேஸ்புரத்துல என்ன நடக்கும்?"

"முதப் பூசை, சார்." எமில்டா நிறுத்தினாள். பிறகு கதவருகே நின்றவரைப் பார்த்தாள். "நான் இவரப் பாத்திருக்கேன். மாதா கோயிலுக்கு எதிர்த்தாப்ல, ஐஸ் கம்பெனிச் சுவத்தோரமா நிப்பாரு. ஆறு வாரமா."

"ஏன் சொல்லலை?" என்றார் கோமளவல்லி.

"யாரும் கேக்கல, மேடம்."

சொரிமுத்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது அந்தக் குரல் அவருக்கே பழக்கமில்லாதது போல இருந்தது.

"எம் மக சுடலைச்செல்வி, மேடம். அந்தக் கோயில் தெருப் பையனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு வருசமா முகம் பாக்கல. ரெண்டு மாசத்துக்கு முன்ன பிள்ள பொறந்திருக்குன்னு யாரோ சொன்னாவ. ஞாயித்துக்கிழம பூசைக்குத் தூக்கிட்டு வாரா. உள்ள போவும்போது ஒருக்கா, வெளிய வரும்போது ஒருக்கா பாப்பேன். வெள்ளத் துணிக்குள்ள நெத்தி மட்டுந்தான் தெரியும்."

"கண்ணை வாங்கிட்டு அப்புறம் போயிருக்கலாமே அண்ணாச்சி," என்றான் ஜீவமணி, இந்த முறை சீண்டாமல்.

"ரத்தப் பெட்டியோடயா? பேரப்பிள்ளய மொதமொதப் பாக்கப் போவும்போது செத்த ஆட்டுக் கண்ண வச்சுக்கிட்டா நிப்பேன்?" அவர் தலையை ஆட்டினார். "இம மூடித்தான கெடக்கு, தீ உள்ள போவாதுன்னு நெனச்சேன். தம்பி மேல பழி வரும்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாளை மாத்தியிருப்பேனே, சொரிமுத்து."

"எதுக்குன்னு கேப்பீங்கல்லா, மேடம்."

ஹயக்ரீவன் எழுந்து போய், சொரிமுத்துவின் கையிலிருந்த காலிப் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தான். எமில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபமாகவே சொன்னாள்: "அடுத்த வாரம் அந்தச் சுவத்தோரம் நிக்காதீங்க. ரோட்டத் தாண்டி வாங்க. நான் நிக்கேன். உங்க மக என் தம்பி சேக்காளியத்தான் கட்டியிருக்கா, எனக்குத் தெரியும். பிள்ளைக்கு உங்க மூக்கு."

கோமளவல்லி அங்கேயே உட்கார்ந்து கமிட்டிக்கு அறிக்கை எழுதினார். ஆறு ஞாயிறுகளையும் காரணம் சொல்லி நீக்கினார். புதன்கிழமைக் கண்களே போதும், முடிவு நின்றது. லேசர் தொட்ட இடத்தைத் தாண்டி ஒரு மயிரிழை அகலம்தான் வெந்திருந்தது. ஹயக்ரீவன் நாலு நாளுக்குப் பிறகு கேன்டீனில் நாலு இட்லி சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் இனி வியாழக்கிழமைக் கண்கள் என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

மத்தியானம் எல்லோரும் போனபின் சங்கரலிங்கமும் கோமளவல்லியும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். ஜீவமணி மட்டன் கெட்டுப்போகும் என்று அவசரமாக பைக்கில் போய்விட்டான். போகும்போது இருவரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான். உப்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நகர்ந்தன. நிழலே இல்லாத வெயில்.

"தலை நிமிர்ந்து போறேன், சார்," என்றார் கோமளவல்லி. "உங்களாலதான்."

சங்கரலிங்கம் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். சொரிமுத்து ஆறு வாரம் ஒரு சுவரோரம் நின்றதை இன்று காலை அத்தனை பேர் முன்னால் இவர் அவிழ்த்துக் காட்டியிருக்கிறார். தான் நாலு வருடமாக எந்தச் சுவரோரம் நிற்கிறோம் என்று யாரும் துப்பறியவில்லை. துப்பறிய யாரும் வரவும் மாட்டார்கள்.

தூரத்தில் பேருந்து திரும்புவது தெரிந்தது. கோமளவல்லி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடையின் நிழலுக்குள்ளிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏதாவது சொல்லணுமா, சார்?"

பேருந்து வந்து நின்றது. நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். யாரும் ஏறவில்லை. பேருந்து கிளம்பிப் போய், அது கிளப்பிய புழுதியும் அடங்கியதும் சங்கரலிங்கம் குடையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"சொல்ல ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கணும்," என்றார். "இந்த ஊர்ல உங்களுக்கு யார் இருக்கான்னு நேத்து கேட்டீங்க. நான் இருக்கேன், கோமளவல்லி. போகாதீங்க. என்கூட இருந்துருங்க."